சுண்ணாம்பு தின்றவள்

"பவுடருங்க," என்றாள் விருத்தாம்பாள். "மாசாமாசம் சிதம்பரத்துலேர்ந்து மருமகளோட அம்மா பவுடர் டப்பா கொண்டாந்து குடுப்பாங்க. நம்ம கடையிலயே பவுடர் விக்கிறோமே சம்மந்தி, இதை வேற தூக்கிக்கிட்டு பஸ்ல வரணுமான்னு நானே கேட்டிருக்கேன்."

"என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க."

துப்பறிவாளர் செம்பியன் டப்பாவை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு அதை உதவியாளர் பிரிசில்லாவிடம் நீட்டினார்.

பிரிசில்லா முகர்ந்தாள். வாசனை இல்லை. துளை போட்ட மூடியை யாரோ கத்தியால் நெம்பி எடுத்து, பிறகு அழுத்தி மூடியிருக்கிறார்கள். விளிம்பில் கீறல்கள். அலமாரியில் அதே மாதிரி இன்னும் சில டப்பாக்கள். எல்லாம் காலி. எல்லாவற்றிலும் கீறல்.

"பவுடர் டப்பாவுல பவுடரைத் தவிர எல்லாம் இருந்திருக்கு சார்," என்றாள். அடியில் வெள்ளையாக ஏதோ துகள். விரலில் ஒற்றி நாக்கில் வைத்தாள்.

"விஷமா இருந்தா?"

"இருந்தா நாளைக்கு லீவு." சப்புக்கொட்டிப் பார்த்தாள். "சாக்பீஸ் மாதிரி இருக்கு."

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மைதானத்தைப் பார்த்த மாடி வீடு அது. கீழே மருந்துக் கடை. ஷட்டர் இறங்கியிருந்தது. கடைக்காரன் எழிலன் கேப்பர் மலை ஜெயிலில் இருந்தான். அவன் மனைவி இளமதி போன வாரம் இதே அறையில் கைகால் இழுத்து, தொண்டை அடைத்து, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் செத்துப்போனாள். கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம் திரும்பவில்லை.

போலீசிடம் நான்கு விஷயங்கள் இருந்தன. அவள் கடைசியாகக் குடித்தது புருஷன் கையால் கொடுத்த பால். நாக்கு வெந்து புண்ணாகியிருந்தது. சாகும்போது விரல்கள் மடங்கிக் குவிந்திருந்தன. மருந்துக் கடைக்காரனுக்கு விஷம் கிடைப்பது சுலபம். இவையெல்லாம் போதாதென்று ஆஸ்பத்திரி வாசலில் எழிலனே இன்ஸ்பெக்டரிடம், "என்னாலதான் செத்தா," என்று சொல்லியிருந்தான். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ரசாயனப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. நாளைக் காலை கோர்ட்டில் ஜாமீன் மனு வருகிறது. பெண்ணின் அப்பா சபாபதி எதிர்த்து நிற்கிறார்.

எழிலன் விருத்தாம்பாளுக்கு ஒரே மகன். அவள் கேட்டதும் ஒன்றுதான். அவன் வெளியே வர வேண்டும்.

"கை எப்படிம்மா மடங்கியிருந்துச்சு?" என்றார் செம்பியன்.

விருத்தாம்பாள் தன் வலக்கையைத் தூக்கிக் காட்டினாள். ஐந்து விரல்களையும் சேர்த்து, கட்டைவிரலை உள்ளே ஒடுக்கி. "வளையல்காரிகிட்ட கையைக் குடுப்போமே, அந்த மாதிரி. ரெண்டு கையும். பிரிக்கப் பிரிக்க வரல."

பிரிசில்லா பார்வையைச் சுவரில் இருந்த கல்யாணப் படத்துக்கு மாற்றிக்கொண்டாள். இளமதி ஒல்லியாக இருந்தாள். சிரிப்பு முழுதாக விரியாமல் நின்றிருந்தது. கழுத்தை ஒட்டி ஒரு முத்துச்சரம்.

"அது அவ கழுத்தை விட்டு எறங்காது," என்றாள் விருத்தாம்பாள். "குளிக்கும்போதுகூட."

"கடைசி வாரம் என்னம்மா சாப்பிட்டாங்க?"

"பாலு. பால் வாசனையே ஆவாது அந்தப் பொண்ணுக்கு. திடீர்னு பால் பால்னு நின்னா. கேவுரு களி கிண்டச் சொன்னா. முருங்கக்கீரை தெனமும். எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம். மாசமா இருக்காளோன்னு."

செம்பியன் சட்டைப் பையிலிருந்து ஒரு முந்திரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். முந்திரி விளையும் காடாம்புலியூர்க்காரர். யோசிக்க ஆரம்பித்தால் கை பைக்குப் போகும்.

பிரிசில்லா புடவைகளுக்கு அடியில் கையை விட்டாள். ஒரு டீ ஸ்பூன் வந்தது. அதன் குழியில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தாள்.

"சுண்ணாம்பு சார். வெத்தலைக்குத் தடவுற சுண்ணாம்பு."

விருத்தாம்பாள் நிமிர்ந்தாள். "என் டப்பாவுதா? அது ரெண்டு நாளைக்கு ஒருதரம் காலியாயிக்கிட்டே இருந்துச்சு. எனக்குத்தான் மறதியாயிடுச்சுன்னு நெனச்சேன். அவ வெத்தலையே போட மாட்டாளே."

"மாசமா இருக்கறவங்க சாம்பல் திம்பாங்க, அடுப்புக்கரி திம்பாங்க," என்றாள் பிரிசில்லா. "சுண்ணாம்பை யாரு சார் அப்படியே திம்பாங்க? நாக்கு வெந்துடும்."

"நாக்கு வெந்துதான இருந்துச்சு," என்றார் செம்பியன்.

கீழே ஒரு மினிபஸ் ஆரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"இன்னொண்ணு," என்றார் செம்பியன். "நீங்களும் மருமகளும் சண்டைன்னு பக்கத்து வீட்டம்மா போலீஸ்ல சொல்லியிருக்காங்க."

"சண்டை இல்லைங்க." விருத்தாம்பாள் முந்தானையைச் சுருட்டினாள். "மனத்தாங்கல். அவ தலை பின்னிப் பூ வச்சிக்கிட்டு வந்து நின்னா கன்னத்தை வழிச்சு நெட்டி முறிப்பேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து அப்படித்தான். அந்த வாரம் ஒருநாள் காதுகிட்ட கை பட்டதும் உதட்டை ஒரு பக்கமா வெட்டி இழுத்துக்கிட்டா. மறுபடி தொட்டேன். மறுபடி இழுத்தா. நான் தொடறது புடிக்கலன்னு நெனச்சேன். பக்கத்து வீட்டுல சொல்லி அழுதேன்." சுருட்டிய முந்தானையை விட்டாள். "அதுக்கப்பறம் நான் அவளைத் தொடவே இல்ல."

இருவரும் இறங்கி மைதானத்து ஓரம் டீக்கடைக்கு வந்தார்கள்.

"பால், கேவுரு, முருங்கக்கீரை, சுண்ணாம்பு," என்றார் செம்பியன். "நாலுலயும் என்ன இருக்குது?"

"எங்கம்மா சமையல்ல இருக்கற கொடுமை எல்லாம் இருக்குது." அவர் சிரிக்கவில்லை. "கால்சியம் சார்."

"டப்பாவுல இருந்த துகள்?"

பிரிசில்லா டீயைக் கீழே வைத்தாள். போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். மேல்பட்டாம்பாக்கத்தில் அவளோடு ஒரே பெஞ்சில் படித்த அனுப்பிரியா இப்போது டாக்டர்.

"சீக்கிரம் சொல்லுடி, வார்டுல இருக்கேன்," என்றது குரல்.

பிரிசில்லா எல்லாவற்றையும் சொன்னாள். கன்னத்தைத் தொட்டால் உதடு இழுத்துக்கொண்டதைச் சொன்னபோது மறுமுனையில் குரல் குறுக்கிட்டது.

"கழுத்துல தைராய்டு இருக்குல்ல," என்றாள் அனுப்பிரியா. "அதுக்குப் பின்னாடி நாலு சுரப்பி. அரிசி சைஸ்தான் இருக்கும். பாராதைராய்டு. ரத்தத்துல கால்சியம் கொறையாம பாத்துக்கறது அதுங்கதான். அதுங்க சரியா வேலை செய்யலன்னா விரல் குறுகுறுக்கும், கை இழுத்துக் குவியும், வலிப்பு வரும். காதுக்கு முன்னாடி தட்டினா உதடு துடிக்கும். ரொம்ப எறங்கிட்டா தொண்டை இறுகிடும். பாத்தா விஷம் குடிச்ச மாதிரியே இருக்கும்."

"ஏன் வேலை செய்யாம போவுது?"

"சில பேருக்குப் பொறக்கும்போதே இருக்காது. சில பேருக்கு உடம்போட எதிர்ப்பு சக்தியே அதைத் தாக்கிடும். மெக்னீசியம் ரொம்பக் கொறஞ்சாலும் அதுங்க மந்தமாயிடும். ஆனா நாங்க ஜாஸ்தி பாக்கறது தைராய்டு ஆபரேஷனுக்கு அப்பறம்தான். அவ்ளோ சின்னது. எடுக்கும்போது கூடவே போயிடும், இல்ல அதுக்குப் போற ரத்தம் நின்னுடும். கழுத்துல தழும்பு இருந்துச்சா?"

"முத்துச்சரம் இருந்துச்சு," என்றார் செம்பியன்.

"அப்ப அதான். ஆயுசுக்கும் மாத்திரை போடணும். கால்சியமும், அதை உடம்பு எடுத்துக்கறதுக்கு ஒரு வைட்டமினும். போட்டா ஒண்ணும் இல்ல. எல்லாரையும் மாதிரி இருக்கலாம். புள்ள பெத்துக்கலாம்."

"நிறுத்தினா?"

"நீதான் சொன்னியே."

"அந்த மாத்திரை எங்கடி கிடைக்கும்?"

"இது என்ன கேள்வி? எந்த மெடிக்கல்லயும் கிடைக்கும்."

போன் அணைந்தது. பிரிசில்லா எதிரே பார்த்தாள். இறங்கிய ஷட்டர். அதற்கு மேலே இளமதியின் ஜன்னல். ஒரு மாடிப்படிதான் நடுவில்.

டீயைக் குடிக்காமலே எழுந்தாள்.

கேப்பர் மலை ஜெயிலில் கைதிகளை மனுப் போட்டுப் பார்க்கும் இடத்தில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் எழிலன் வந்து நின்றான். தாடி வளர்ந்திருந்தது. அம்மா சௌக்கியமா என்று மட்டும் கேட்டான்.

"அந்த முத்துச்சரத்துக்குக் கீழ என்ன இருந்துச்சு?" என்றார் செம்பியன்.

எழிலன் பார்வையைத் தரைக்கு மாற்றினான்.

"நாங்க கண்டுபுடிச்சிட்டோம் தம்பி. நீங்க சொன்னா நேரம் மிச்சம்."

"ஒரு கோடு," என்றான் எழிலன். "மெல்லிசா. மடிப்போட மடிப்பா."

"அவுங்க சொன்னாங்களா?"

"இல்ல. நானும் கேக்கல."

"பவுடர் டப்பா?"

"முதல் மாசமே தொறந்து பாத்தேன். அட்டையிலேர்ந்து பிரிச்சுப் போட்ட மாத்திரை. தெனமும் என் கையால விக்கிற மாத்திரை. எனக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏன் கேக்கல?" பிரிசில்லாவின் குரல் அவள் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது.

அவன் அவளைப் பார்த்தான். "கேட்டா, மறைச்சுக் கட்டி வச்சிட்டாங்கன்னு நான் குத்திக் காட்டறதா நெனப்பா. அவளா சொல்லட்டும்னு இருந்தேன். ஒரு வருஷம் ஆனா பயம் தெளிஞ்சிடும். சொல்லும்போது, எனக்கு அப்பவே தெரியும்டின்னு சொல்லணும்னு ஆசை."

வலையின் ஓட்டையில் விரலை வைத்தான்.

"பால் கேட்டா. காய்ச்சிக் குடுத்தேன். கையை உதறிக்கிட்டே இருந்தா. என்னான்னு கேட்டேன், மரத்துப் போச்சுன்னா. ஒரு பார்மசிஸ்ட்டுங்க நான். டப்பாவுல என்னா மாத்திரைன்னு தெரிஞ்ச ஒரே ஆளு அந்த வீட்டுல நான்தான். அது காலியா இருக்குதான்னு ஒருதரம் தொறந்து பாத்திருக்கலாம். அது அவ டப்பாவாச்சேன்னு விட்டுட்டேன்."

"அதான் என்னால செத்தான்னு சொன்னீங்களா?"

"வேற யாரால?"

"போலீஸ்ல இதை ஏன் சொல்லல?"

எழிலன் வலையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டான்.

"மாத்திரை ஏன் தீந்துச்சுன்னு தெரியணும்," என்றார் செம்பியன். "சிதம்பரம் போயிட்டு வரோம்."

எழிலன் சட்டென்று வலையைப் பிடித்தான். "வேணாங்க."

"ஏன்?"

"போவாதீங்க. வேணாம்."

"நாளைக்கு ஜாமீன் கிடைக்கலன்னா இங்கயே கெடக்கணும் தம்பி."

"இருந்துக்கறேன்," என்றான் எழிலன். நேரம் முடிவதற்கு முன்பே உள்ளே போய்விட்டான்.

சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னல் சீட் பிரிசில்லாவுக்கு. ஆலப்பாக்கம் தாண்டியதும் ஆரம்பித்தாள்.

"எனக்குப் புரிஞ்சிடுச்சு சார். ஆபரேஷனை மறைச்சது அந்தப் பெரிய மனுஷன் சபாபதி. பொண்ணு செத்ததும் அது வெளிய வந்துடும்னு பயம். அதுக்கு முன்னாடி பழியை மாப்பிள்ளை தலையில கட்டிட்டாரு. இவரு என்னடான்னா மாமனார் மானம் போவக் கூடாதுன்னு உள்ள உக்காந்திருக்காரு."

"இருக்கலாம்."

"நீங்க இருக்கலாம்னா, இல்லைன்னு அர்த்தம்."

செம்பியன் முந்திரியை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

சபாபதியின் வீடு தில்லையம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு குறுகிய தெருவில் இருந்தது. மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கூடத்தில் மாலை போட்ட இரண்டு படங்கள். ஒன்று வயதானவர். மற்றது இளமதி. முதல் படத்து மாலைதான் காய்ந்திருந்தது.

"எந்தப் பக்கத்து ஆளுங்க?" என்றார் சபாபதி.

"உங்க சம்மந்தியம்மா அனுப்புனாங்க."

"வெளிய போங்க."

"போறோம். இளமதிக்குக் கழுத்துல ஆபரேஷன் நடந்தப்ப என்ன வயசு?"

கதவில் இருந்த அவர் கை அப்படியே நின்றது. தெருவை ஒருமுறை பார்த்தார். "உள்ள வாங்க," என்றார். குரல் இறங்கியிருந்தது.

உட்கார்ந்ததும் அவரே ஆரம்பித்தார். "காலேஜ் ரெண்டாவது வருஷம். தைராய்டுல கட்டி. எடுத்துட்டாங்க. மறுநாளு கை இழுத்துக்கிச்சு. கட்டியோட வேற ஏதோ சுரப்பியும் அடிபட்டுப் போச்சு, காலம் பூரா மாத்திரை போடணும்னாங்க. போட்டுக்கிட்டு நல்லாத்தான் இருந்தா. எம்.எஸ்சி. முடிச்சா."

"மாப்பிள்ளை வீட்டுல சொல்லல."

"மூணு எடத்துல சொன்னோம் சார். மூணு எடத்துலயும் ஜாதகம் பொருந்தலன்னுட்டாங்க. நாலாவது எடத்துல சொல்லல." துண்டால் முகத்தைத் துடைத்தார். "அது தப்புதான். அதுக்காக என் பொண்ணைக் கொன்னவனை விட்டுடணுமா?"

"யாரும் கொல்லல," என்றாள் பிரிசில்லா. "மாத்திரை நின்னுபோச்சு. அதனாலதான்..."

"எப்படிம்மா நிக்கும்?" சபாபதி அவளை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கள்ளம் இல்லை. "ஒரு வேளை தவறினது கிடையாது. மாசம் பொறந்தா நானே கடைக்குப் போயி வாங்கிட்டு வருவேன். இவ டப்பாவுல போட்டுக் குடுப்பா. எங்கண்ணன் செத்துப்போனாரு, அந்த அமளியிலயும் மறக்காம வாங்கி வச்சேன். சாவுக்கு வந்த பொண்ணு கையோட எடுத்துக்கிட்டுப் போச்சு. அவகிட்ட மாத்திரை இருந்துச்சு. இருந்தும் எப்படிச் செத்தா? அதைத்தான் நான் எல்லார்கிட்டயும் கேக்கறேன். அவன் பால்ல என்னத்தையோ கலந்திருக்கான்."

பஸ்ஸில் கட்டிய கணக்கு முழுக்க பிரிசில்லாவின் மனசில் சரிந்து விழுந்தது. இந்த மனிதர் எதையும் மூடி மறைக்கவில்லை. நிஜமாகவே கேட்கிறார்.

செம்பியன் அடுக்களை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பவானி இரண்டு டம்ளர் தண்ணீரோடு நின்றிருந்தாள். இளமதியின் அம்மா. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியாது.

டம்ளர்களைத் தரையில் வைத்தாள். உள்ளே போனாள். திரும்பி வந்து ஒரு பவுடர் டப்பாவைக் கணவன் முன்னால் மேஜைமேல் வைத்தாள். வைக்கும்போது உள்ளே கலகலத்தது.

"அவ எடுத்துக்கிட்டுப் போவலங்க," என்றாள்.

சபாபதி டப்பாவைப் பார்த்தார். அதைத் தொடவில்லை.

"சாவு வீட்டுலேர்ந்து எதையும் கொண்டுபோவக் கூடாது. அதுவும் தாலி ஏறி வருஷம் திரும்பாத பொண்ணு. போற எடத்துல புருஷனுக்கு ஆவாது." பவானி சுவரைப் பார்த்துப் பேசினாள். "குளிச்சிட்டு வாசப்படிகிட்ட வந்து நின்னா. சொல்லிக்கிட்டும் போவக் கூடாதுல்ல. அதனால வாயத் தொறக்கல. என்னையே பாத்தா. கையை மட்டும் இப்படி, கீழ வச்சபடியே விரிச்சா. டப்பாவைக் கேக்கறா. நான் தலையை ஆட்டினேன். வேணாம்னு. புரிஞ்சிக்கிட்டுப் போயிட்டா."

"போன்ல பேசினாங்களா?" என்றார் செம்பியன்.

"தெனமும். காரியம் முடிஞ்ச மறுநாளே நான் கொண்டாரேன்டி, அதுவரைக்கும் பொறுத்துக்கன்னேன். வெரல் குறுகுறுங்குதும்மான்னா. பால் குடி, கேவுரு சாப்புடுன்னேன். அப்பறமும் ஜாஸ்தியாவுதுன்னா. உங்க மாமியார்கிட்ட சுண்ணாம்பு இருக்கும், துளி தொட்டு நாக்குல வச்சிக்கன்னு நான்தான் சொன்னேன்."

பிரிசில்லாவால் அடக்க முடியவில்லை. "கீழ கடையிலயே இருந்துச்சேம்மா."

சொன்ன கணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பவானி தலையசைத்தாள். "அவளும் கேட்டா. எறங்கிப் போயி ஒரு அட்டை எடுத்துக்கட்டுமாம்மான்னு. வேணாம்டி, மாப்ளைக்குத் தெரிஞ்சிடும், காரியத்துக்கு இன்னும் ரெண்டு நாளுதான இருக்குதுன்னேன். சரிம்மான்னா." புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தி, எடுத்தாள். "இத்தனை வருஷத்துல ஒருநாளும் விட்டதில்ல. விட்டா என்னா ஆவும்னே எங்களுக்குத் தெரியாம போச்சு."

தெருவில் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்தார்கள். குடம் நிறையும் சத்தம் கேட்டது.

"அம்மா," என்றார் செம்பியன். சொல்வதா வேண்டாமா என்று அவர் யோசிப்பது பிரிசில்லாவுக்குத் தெரிந்தது. அவர் கை பைக்குப் போய் வெறுமனே திரும்பியது. "உங்க மாப்பிள்ளைக்குத் தெரியும்மா."

"எது?"

"எல்லாம். கழுத்துல இருந்த கோட்டைப் பாத்திருக்காரு. டப்பாவையும் முதல் மாசமே தொறந்து பாத்திருக்காரு. அவருக்கு அதுல ஒண்ணும் இல்ல. இளமதி தானா சொல்லட்டும்னு காத்துக்கிட்டு இருந்தாரு."

பவானி மெல்ல உட்கார்ந்தாள்.

"சாவுக்கு வந்துட்டு அவரோடதான திரும்பிப் போனாங்க? வெறுங்கையா வந்ததை அன்னிக்கி அவரு கவனிக்கல. அப்பறம் யோசிச்சிருக்காரு. புரிஞ்சிருக்கு. எங்களை இங்க வர வேணாம்னு தடுத்தாரு. உள்ளயே இருந்துக்கறேன்னாரு. இது உங்க காதுக்கு வரக் கூடாதுன்னுதான்னு எனக்கு இப்பத்தான் தெரியுது."

அவள் அழவில்லை. அழுதால் தேவலை என்று பிரிசில்லாவுக்கு இருந்தது.

சபாபதி மனைவியைப் பார்த்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் கொண்டுபோயிக் குடுத்திருப்பேனே."

"நீங்கதான சொன்னீங்க," என்றாள் பவானி. குரலில் கோபம் இல்லை. "நிச்சயம் பண்ணிட்டு வந்த அன்னிக்கி. இனிமே இந்த வீட்டுல அதைப் பத்திப் பேச்சே வரக் கூடாதுன்னு."

சபாபதி செம்பியன் பக்கம் திரும்பினார். "நான் என்ன செய்யணும்?"

"கடலூர் வரணும். ரெண்டு பேரும். இன்னிக்கே இன்ஸ்பெக்டர்கிட்ட நடந்ததைச் சொல்லணும். ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்ட அவுங்க விசாரிச்சுக்குவாங்க. நாளைக்குக் கோர்ட்டுல நீங்க எதிர்க்கலன்னா அவரு வெளிய வந்துடுவாரு."

சபாபதி சட்டை போட எழுந்தார். பொத்தான்கள் மாறி மாறி விழுந்தன. பிரிசில்லா பார்க்காத மாதிரி இருந்தாள். பவானி உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம். மூடும் சத்தம்.

வெளியே வந்தபோது அவள் கையில் ஒரு துணிப்பை இருந்தது. மாற்றுப்புடவை ஒன்று மடிப்பாக மேலே தெரிந்தது. ஒரு சீப்பு. ஒரு துண்டு.

"சாயங்காலம் திரும்பிடலாம்மா," என்றாள் பிரிசில்லா. "துணியெல்லாம் எதுக்கு?"

"உள்ள வைப்பாங்கல்ல."

"யாரை?"

"என்னை."

பிரிசில்லா செம்பியனைப் பார்த்தாள். அவர் வாசல்படியில் நின்றுவிட்டார்.

"இல்லம்மா," என்றார். "இதுக்கு யாரையும் உள்ள வைக்க மாட்டாங்க. சட்டத்துல இது குத்தமே இல்ல. சொன்னதை எழுதிக்கிட்டு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

பவானி பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"வைக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்கம்மா."

அவள் திரும்பிக் கூடத்தைப் பார்த்தாள். மாலை போட்ட படங்களை. மேஜைமேல் இருந்த டப்பாவை. பிறகு செம்பியனைப் பார்த்தாள்.

"அப்ப நான் எங்க போறது?" என்று கேட்டாள்.